இன்ஸ்டா கேட்கும் பிள்ளை

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு சமயத்தில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இந்தப் பேச்சு வந்தே தீரும். "ம்மா, கிளாஸ்ல எல்லாரும் இன்ஸ்டால இருக்காங்க. நான் மட்டும்தான் இல்ல." நம் வீடுகளில் இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. "படிக்கிற வழியப் பாரு" என்று பேச்சை அங்கேயே வெட்டுவது ஒன்று. நச்சரிப்பு தாங்காமல் "என்னமோ பண்ணித் தொலை" என்று போனைக் கையில் கொடுத்துவிடுவது இன்னொன்று. முதல் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் தோழியின் போனில், நமக்குத் தெரியாத பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிவிடும். இரண்டாவது வீட்டில் கணக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

மேற்பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. ஆன்லைனில் ஏதாவது வில்லங்கம் என்றால் பிள்ளை முதலில் உங்களிடம் வந்து சொல்லுமா? சொல்லும் என்றால், செட்டிங்ஸில் நாலு விஷயம் விட்டுப்போயிருந்தாலும் சமாளித்துவிடலாம். சொல்லாது என்றால் எத்தனை பூட்டுப் போட்டும் பிரயோஜனம் இல்லை. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு நடவடிக்கையையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

13 எங்கிருந்து வந்தது?

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், வாட்ஸ்அப் எல்லாமே 13 வயதைக் குறைந்தபட்ச வயதாக வைத்திருக்கின்றன. 13இல் பக்குவம் வந்துவிடும் என்று மனநல மருத்துவர்கள் யாரும் ஆராய்ந்து வைத்த எண் அல்ல இது. 1998இல் அமெரிக்கா, குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பெற்றோரின் அனுமதி இல்லாமல் தகவல் திரட்டக் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று கம்பெனிகள் 13ஐ வாசலிலேயே நிபந்தனையாக வைத்துவிட்டன.

மற்ற நாடுகளின் கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அதைத் தடுக்காவிட்டால் அபராதம் கட்ட வேண்டியது கம்பெனி, பெற்றோர் அல்ல. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களுடைய தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதல் வேண்டும். அவர்கள் நடத்தையைப் பின்தொடர்ந்து அதற்கேற்ப விளம்பரம் காட்டவும் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் கம்பெனிகள் முழுமையாகக் கட்டுப்பட 18 மாத அவகாசம் இருக்கிறது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இப்போதைக்கு உட்கார்ந்திருக்க முடியாது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 13க்கு முன் சொந்தக் கணக்கே வேண்டாம். 13 முதல் 15 வரை உங்கள் கணக்கோடு இணைத்த கணக்கு மட்டும். 16க்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடியைத் தளர்த்தலாம். 13 ஆன மறுநாளே கொடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்கூலில் டீச்சர் திட்டியதையோ, சைக்கிளில் யார் மீதோ இடித்ததையோ வீட்டில் வந்து தானாகச் சொல்கிற பிள்ளையா என்று பாருங்கள். சொல்கிற பிள்ளை தயாராகிவிட்டது. எல்லாவற்றையும் மறைக்கிற பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

பிறந்த வருடத்தில் செய்யும் பொய்

பல வீடுகளில் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பதே பெற்றோர்தான். 10 வயதுப் பிள்ளைக்கு வயது போதவில்லை என்றதும், வருடத்தைப் பின்னால் தள்ளி 2000 என்றோ 1998 என்றோ போட்டுவிடுகிறார்கள். அந்த நிமிடம் சின்ன விஷயமாகத் தெரியும். அதன் விளைவு மூன்று வருடம் கழித்துத் தெரியும். நிஜத்தில் 13 வயதான அந்தப் பிள்ளை, இன்ஸ்டாகிராமின் கணக்கில் இருபத்தைந்து தாண்டிய ஆள். சிறுவர்களுக்கென்று வைத்த பாதுகாப்பு எதுவும் அந்தக் கணக்குக்குக் கிடைக்காது. யார் வேண்டுமானாலும் மெசேஜ் அனுப்பலாம். பெரியவர்களுக்கான விளம்பரம் வரும். ரீல்ஸும் அதே ரகத்தில் வரும்.

'டீன் அக்கவுண்ட்' என்ற ஏற்பாட்டை இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்தது, இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. 18க்குக் கீழே என்று பதிவான கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். பிள்ளை ஃபாலோ செய்கிறவர்களும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களும் மட்டுமே மெசேஜ் அனுப்ப முடியும். ஒரு மணி நேரம் ஆனதும் "போதும்" என்று நினைவூட்டும். இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் சத்தம் வராது. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இதில் எதையாவது தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் அனுமதி தேவை. இவ்வளவும் பிறந்த தேதி உண்மையாக இருந்தால்தான்.

எனவே கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதல் வேலை, அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'பர்சனல் டீடெய்ல்ஸ்' போய்ப் பிறந்த தேதியைப் பார்ப்பது. தப்பாக இருந்தால் திருத்துங்கள். பிள்ளைக்கு இன்னும் 13 ஆகவில்லை என்றால் உண்மைத் தேதி போட்டதும் கணக்கு போய்விடும். போகட்டும்.

அம்மா போன்

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு முடிந்தும் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப் முடியவில்லை. ஹோம்வொர்க், டைம்டேபிள், ஆண்டு விழா நடன வீடியோ எல்லாம் அம்மாவின் போனுக்குத்தான் வருகின்றன. பிள்ளைக்குத் தனி போன் இல்லை, அதனால் பிரச்சினையும் இல்லை என்று நினைக்கும் வீடுகள் இவை. உண்மையில் மேற்பார்வை குறைவான போன் இதுதான். யூடியூபும் கூகுளும் பார்ப்பது நாற்பது வயது அம்மாவைத்தான். கையில் வைத்திருப்பதோ பத்து வயதுப் பையன். போதாததற்கு அதே போனில் ஜிபேயும் இருக்கும். பின் நம்பரும் பிள்ளைக்கு மனப்பாடம்.

பகிர்ந்து பயன்படுத்தும் போன் என்றால், பிள்ளையின் பெயரில் தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். அதை ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் இலவசச் செயலியோடு இணைத்து, பிள்ளை பயன்படுத்தும் நேரத்தில் யூடியூபில் அந்தக் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள். வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் இன்னும் நல்லது. சிம் இல்லாமல் வைஃபையில் மட்டும் ஓடும்படி அதைப் பிள்ளைக்கென்று ஒதுக்கலாம். பிள்ளையின் அந்தக் கூகுள் கணக்கையே அதில் போட்டால், புதுச் செயலி எது இறக்க வேண்டுமென்றாலும் அனுமதி கேட்டு உங்கள் போனுக்கு வரும்.

சேர்ந்து உட்காரும் ஒரு மணி நேரம்

செட்டிங்ஸை நீங்கள் மட்டும் ரகசியமாக மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பிள்ளை கையிலேயே வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த மெனு எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் பிள்ளைதான் உங்களுக்குக் காட்டித்தரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் போனிலும் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு வேண்டும். செட்டிங்ஸில் 'ஃபேமிலி சென்டர்' என்று இருக்கும். அங்கிருந்து அழைப்பு அனுப்பி, பிள்ளை ஏற்றுக்கொண்டால் இரண்டு கணக்கும் இணையும். அதன்பின் பிள்ளை எவ்வளவு நேரம் இருக்கிறது, யாரை ஃபாலோ செய்கிறது, யார் அதை ஃபாலோ செய்கிறார்கள், கடந்த ஏழு நாளில் யாருடன் மெசேஜில் பேசியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என்ன பேசியது என்பது தெரியாது. அது தெரியாமல் இருப்பதே நல்லது என்பேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தினசரி நேர வரம்பையும் இங்கேயே வைக்கலாம். பிள்ளை இந்த இணைப்பைத் துண்டிக்கவும் முடியும். துண்டித்தால் உங்களுக்கு அறிவிப்பு வந்துவிடும்.

இனி முக்கியமான வேலை. ஃபாலோயர்ஸ் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"இது யாருப்பா?"

"டென்த் பி செக்ஷன் அண்ணாவோட ஃப்ரெண்டுப்பா."

"நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல. ஆனா பதினாலு மியூச்சுவல் இருக்குப்பா, நம்ம ஸ்கூல் பசங்கதான்."

இந்தப் பதினாலில்தான் சூட்சுமம். போலிக் கணக்கு வைத்திருப்பவன் முதலில் அந்தப் பள்ளியில் யார் கேட்டாலும் ஏற்றுக்கொள்கிற ஒரு பையனைப் பிடிக்கிறான். அவன் வழியாக இரண்டு பேர், அந்த இரண்டு பேர் வழியாக ஐந்து பேர். உங்கள் பிள்ளையிடம் வரும்போது அவன் ஊருக்கே தெரிந்தவன் மாதிரி இருக்கிறான். அந்தப் பதினாலு பேரில் ஒருவர்கூட அவனை நேரில் பார்த்திருக்க மாட்டார். இதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லி, நேரில் பார்க்காத ஒவ்வொருவரையும் பிள்ளை கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். நீக்கியது அவர்களுக்கு அறிவிப்பாகப் போகாது, அதனால் "கோவிச்சுக்குவாங்க" என்ற கவலை வேண்டாம். புதிய கோரிக்கை எது வந்தாலும் அதே கேள்விதான்: நேரில் பார்த்திருக்கிறாயா? பிரைவேட் கணக்கில் வெளியாட்களால் ஃபாலோயர்ஸ் பட்டியலைப் பார்க்க முடியாது. மிரட்டுகிறவனுக்கு அந்தப் பட்டியல்தான் ஆயுதம் என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களிடம் அசர் (ASER) என்ற கல்வி ஆய்வின் 2024 அறிக்கைக்காகக் கேட்டபோது, 82 சதவீதம் பேர் ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும் என்றார்கள். முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்கு 76 சதவீதம். ஆனால் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துபவர்களில் ஒரு கணக்கை பிளாக் செய்யவோ ரிப்போர்ட் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். தன் கணக்கை பிரைவேட் ஆக்கத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். விரல் வேகமாக ஓடுகிறது என்பதற்காக எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்ற செயலிகள்

வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குப் போய், குரூப்பில் சேர்ப்பவர்கள் 'மை கான்டாக்ட்ஸ்' மட்டும் என்று மாற்றுங்கள். முகப்புப் படமும் ஸ்டேட்டஸும் அப்படியே. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் அடையாளம் தெரியாத கருவி எதுவும் இருக்கக் கூடாது. ஸ்னாப்சாட்டில் வரைபடத்தில் பிள்ளை இருக்கும் இடம் தெரியாமலிருக்க 'கோஸ்ட் மோட்' வேண்டும். அங்கேயும் ஒரு ஃபேமிலி சென்டர் உண்டு. அனுப்பிய படம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் உடைத்துவிடுங்கள்; எதிர்முனையில் இருப்பவர் இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்துவிட்டால் அது எங்கேயும் மறையாது. டெலிகிராமில் பிள்ளைகள் சேருவது பெரும்பாலும் சினிமாவுக்கும் நோட்ஸுக்கும்தான், ஆனால் அதே வழியாக ஆயிரக்கணக்கான அந்நியர்கள் உள்ள குரூப்புக்குள் போய்விடுகிறார்கள். 15 வயது வரை டெலிகிராம் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். விளையாட்டுச் செயலிகளில் வாய்ஸ் சாட் இருந்தால் அதுவும் சமூக ஊடகம்தான்.

ஒளிந்திருந்து பார்ப்பது

பிள்ளைக்குத் தெரியாமல் போனில் உளவுச் செயலி போடலாமா என்று கேட்காத பெற்றோர் குறைவு. வேண்டாம். பிள்ளையின் படம், பேச்சு, இருப்பிடம் அத்தனையும் யாரென்றே தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்கு நீங்களே அனுப்பிவைப்பதாக ஆகும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ஒரு நாள் பிள்ளைக்குத் தெரியவரும். அன்றிலிருந்து அது இன்னொரு போனில், இன்னொரு கணக்கில் வாழும். பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி எல்லோரும் தூங்கியபின் தோழிகளோடு பேசியதை வரிக்கு வரி வாசிப்பதும் இதே வகைதான். 14 வயதுப் பெண் தோழியிடம் உங்களைப் பற்றிப் புலம்பியிருப்பாள். நீங்கள் பதினாலில் புலம்பாததா?

பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கலாம். எழுதி உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று தோன்றினால் மட்டும், பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பிரிக்கலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எது ஆபத்து? பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று திடீரென்று அடம்பிடிப்பது, போன் ஒலித்தாலே திடுக்கிடுவது, காரணம் சொல்லாமல் ஐநூறு ஆயிரம் கேட்பது, தன்னைத் துன்புறுத்திக்கொள்வது போன்ற பேச்சு. கடைசியாகச் சொன்னது வந்தால் உறையெல்லாம் இரண்டாம்பட்சம். உடனே மருத்துவரிடம் போங்கள், அல்லது 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

மிரட்டல் வந்தால்

அழகான பெண்ணின் படம் போட்ட கணக்கிலிருந்து பையனுக்கு ஒரு மெசேஜ் வரும். இரண்டு மூன்று நாள் இனிக்க இனிக்கப் பேச்சு. பிறகு வாட்ஸ்அப் எண் கேட்கப்படும், அங்கே வீடியோ கால். பையன் உடை களைந்த சில நொடிகளை எதிர்முனை பதிவு செய்துகொள்ளும். அடுத்த நிமிடம் அந்தப் பதிவும், பையனின் ஃபாலோயர்ஸ் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்து வரும்: பணம் அனுப்பு, இல்லையென்றால் இத்தனை பேருக்கும் போகும். எதிரில் இருந்தது பெண்ணே அல்ல, மோசடிக் கும்பல். பணம் பறிக்கும் இந்த வகை மிரட்டலில் உலகெங்கும் அதிகம் சிக்குவது பதின்ம வயதுப் பையன்கள்தான். "பொம்பளப் புள்ளைக்குத்தான் பயம், பையனுக்கு என்ன ஆகப்போகுது" என்று மகளிடம் போனைப் பிடுங்கிவிட்டு மகனைக் கேட்பாரில்லாமல் விடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் வேறு ரூபத்தில் வருகிறது. பழகியவனே படத்தை வைத்து மிரட்டுவான், அல்லது சாதாரணப் படத்தை ஏஐ செயலியில் போட்டு ஆபாசமாக மாற்றுவான்.

மிரட்டுகிறவன் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: பிள்ளை வீட்டில் சொல்லாது. பிள்ளை ஏன் சொல்வதில்லை? அடி விழும், போன் போய்விடும், "மானம் போச்சே" என்று அம்மா அழுவாள். அவன் மீதுள்ள பயத்தைவிட நம் மீதுள்ள பயம் அதிகம். எனவே எதுவும் நடப்பதற்கு முன்பே, சாதாரணமான ஒரு நாளில் இதைச் சொல்லி வையுங்கள்: "என்ன நடந்தாலும் சரி, நீயே தப்புப் பண்ணியிருந்தாலும் சரி, எங்கிட்ட சொன்னா போனைப் புடுங்க மாட்டேன். முதல்ல சேந்து சரி பண்ணுவோம்." சொன்னால் மட்டும் போதாது. யாரோ கெட்ட வார்த்தை அனுப்பினான் என்று பிள்ளை முதல்முறை சின்னதாக ஒன்றைக் கொண்டுவரும்போது போனைப் பிடுங்கிவிட்டால், பெரியதை ஒருநாளும் கொண்டுவராது.

பிள்ளை வந்து சொல்லிவிட்டால் செய்ய வேண்டியவை இவை. பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தவனிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பதற்றத்தில் பேச்சை அழித்துவிடாதீர்கள். மிரட்டல் மெசேஜ், கணக்கின் பெயர், போன் எண், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவச வசதி இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் 2023 முதல் நடத்துகிறது. 18 வயதுக்குக் கீழே எடுத்த நிர்வாணப் படம் என்றால், படத்தை யாருக்கும் அனுப்பாமலே நம் போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகும். அந்தக் குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட கம்பெனிகளுக்குப் போகும், அவர்கள் தளத்தில் அந்தப் படம் தென்பட்டால் நீக்குவார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தையோ வீடியோவையோ "பாருங்க என்ன பண்ணியிருக்கான்னு" என்று சித்தப்பாவுக்கும் வகுப்பு குரூப்புக்கும் அனுப்பாதீர்கள். அனுப்புவது போக்சோ சட்டப்படி குற்றம், ஆத்திரத்தில் செய்தேன் என்பது காரணமாகாது. குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனக்காக இறக்கிப் பார்ப்பது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அத்தகைய படங்களைப் பார்ப்பதையும் வைத்திருப்பதையும்கூடக் கடுமையாகப் பார்த்தது. படத்தைப் போலீஸார் கேட்டால் அவர்களிடம் மட்டும் காட்டுங்கள்.

"ஸ்டேஷன் வாசல் ஏறினால் ஊர் பேசும்" என்று தயங்குபவர்களுக்காக: போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரி எடுக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இரவில் குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையின் பெயரையோ பள்ளியையோ பத்திரிகை வெளியிட முடியாது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ போகலாம். அங்கே யாராவது "இதையெல்லாம் ஏன்மா பெருசு பண்றீங்க" என்றால் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

நம் பிள்ளை செய்தால்

எல்லாப் பெற்றோரும் தங்கள் பிள்ளை பாதிக்கப்படும் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வகுப்புப் பெண்களின் படத்துக்கு மார்க் போடும் குரூப், டீச்சரைக் கேலி செய்யும் மீம் பக்கம், பள்ளியின் பெயரில் கிசுகிசு பேசும் 'கன்ஃபெஷன்' பக்கம், இவற்றையெல்லாம் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே நடத்துகிறது? வகுப்புத் தோழியின் படத்தை ஏஐ செயலியில் மாற்றினால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவுக்குள்ளேயே போகலாம். செய்தவருக்கு 18 ஆகவில்லை என்றால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

அப்படி ஏதாவது தெரியவந்தால் "விளையாட்டுக்குப் பண்ணிட்டான்" என்று வக்காலத்து வாங்காதீர்கள். பெல்ட்டை எடுக்கவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் இடத்தில் தன் தங்கை இருந்தால் என்று யோசிக்கச் சொல்வதைவிட, அந்தப் பெண் இப்போது பள்ளிக்கு எப்படி வருவாள் என்று கேட்பது பயனளிக்கும். தங்கையாக இருந்தால்தான் மரியாதையா என்ன? இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி மறைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பெற்றோரின் ஸ்டேட்டஸ்

பிள்ளையின் படத்தை முதலில் ஊருக்குக் காட்டுவது பிள்ளை அல்ல, நாம்தான். மஞ்சள் நீராட்டு விழா என்றால் ஃபிளெக்ஸ் போதாதென்று, சடங்கு வீடியோவுக்குப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் விடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உடலில் நடந்த மாற்றத்தை, அவளோடு பஸ்ஸில் வரும் பையன்கள் முதல் முகம் தெரியாத ஆள்கள் வரை பார்க்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. உறவுக்காரர்களைக் கூட்டிச் சீர் செய்வது உங்கள் விருப்பம், அதைப் பப்ளிக் கணக்கில் போடுவது வேறு விஷயம். இதை எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும்.

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியலை அப்படியே படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் அதே ரகம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் அதில்தான் இருக்கின்றன. சீருடையில் பேட்ஜோடு நிற்கும் படத்தில் பள்ளியின் பெயர் தெரியும், பின்னால் வீட்டு எண் தெரியும். பிள்ளையின் எந்தப் படத்தையும் போடுமுன் "போடட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். தன் படத்தின் மீது தனக்கு உரிமை உண்டு என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. நாளைக்கு ஒருவன் படம் கேட்கும்போது முடியாது என்று சொல்ல அது உதவும்.

இரவு

எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தூக்கம், விளையாட்டு, வீட்டாரோடு சாப்பாடு, படிப்பு இவற்றில் எதை அந்த நேரம் தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தூக்கத்தைத்தான். அதனால் ஒரே ஒரு விதியைத்தான் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: இரவு பத்து மணிக்குமேல் வீட்டில் எந்த போனும் படுக்கையறைக்குள் போகக் கூடாது. சார்ஜர்கள் எல்லாம் ஹாலில். அலாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். எந்த போனும் என்றால் அப்பாவின் போனும்தான். பக்கத்தில் படுத்துக்கொண்டு நள்ளிரவு வரை ரீல்ஸ் தள்ளுகிற அப்பாவின் பேச்சைப் பிள்ளை கேட்காது.

பதினாறுக்குப் பிறகு

மேற்பார்வை மாறாமல் அப்படியே இருந்தால், அதைத் தாண்டும் வழியைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் முதல் தளர்வைக் கொடுங்கள். நேர வரம்பைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் சரியாகப் போனால் ஃபாலோயர்ஸ் பட்டியலைப் பார்ப்பதை நிறுத்துங்கள். பிளஸ் டூவில் உறையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏதாவது தவறினால் ஒரு படி பின்னால் வாருங்கள், எல்லாவற்றையும் பறிக்காதீர்கள். 18 முடிந்ததும் இன்ஸ்டாகிராமின் மேற்பார்வை இணைப்பு தானாகவே நின்றுவிடும். அன்றைக்குத்தான் பிள்ளை முதன்முறையாகத் தனியாக இருக்கிறது என்று ஆகிவிடாமல், இப்போதே தொடங்குங்கள்.